அழியும் கோலம்

கொடைக்கானலுக்குச் செல்லுகிறவர்கள் ஏரியை ஒரு முறை சுற்றுவார்கள். தூண் பாறைகளைப் பார்க்கப் போவார்கள். மூடுபனி விலகவில்லையே என்று குறைப்பட்டுக்கொண்டு மலையை விட்டு இறங்குவார்கள். நாமும் பல முறை அவ்விதமே செய்திருக்கிறோம். ஆனால் சென்ற முறை ஏரிப் பக்கம் தலை காட்டவே இல்லை. வட்டக்கானல் வழியாக டால்பின் மூக்குப் பாறையைத் தாண்டி, அதற்கும் கீழே மலைச் சரிவில் ஒதுங்கியிருக்கும் வெள்ளகவி என்னும் சிற்றூருக்குப் போய் இரண்டு நாள் தங்கிவிட்டு வந்தோம். அங்கே போனதற்குக் காரணம் நம் நண்பர் ஒருவர். அங்கே அவரோடு பேசிய பேச்சே இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

நண்பர் சித்திரக்காரர். "சித்திரக்காரராக இருந்தவர்" என்று சொல்லியிருந்தால் அப்போது பொருத்தமாயிருந்திருக்கும். 2015-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் சென்னை நகரத்தில் வெள்ளம் புகுந்ததை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நண்பர் வீட்டின் கீழ்த்தளத்தில் சுவரோரமாய் அடுக்கி வைத்திருந்த இருபது வருஷத்துச் சித்திரங்கள் அந்தத் தண்ணீரில் மூன்று நாள் ஊறிக் கிடந்தன. வடிந்த பிறகு பார்த்தால், காகிதத்தில் எழுதியவை கூழாகியிருந்தன. துணியில் எழுதியவை சேறு படிந்து பூசணம் பூத்திருந்தன. அன்று முதல் அவர் தூரிகையைத் தொடவில்லை. யாராவது காரணம் கேட்டால், "எல்லாம் அநித்தியம் என்று புத்தர் பெருமானே சொல்லியிருக்கிறாரே! போகப் போகிற வஸ்துவை எதற்காகச் செய்து வைப்பது?" என்பார். வேடிக்கையாகத்தான் சொல்லுவார், ஆனால் கேட்பவர்களுக்குச் சிரிப்பு வராது.

அவரை வெளியூர் அழைத்துச் செல்ல வேண்டும் என்று அவர் வீட்டார் விரும்பினார்கள். வர்ணப் பெட்டியை அவருக்குத் தெரியாமல் நம்முடைய மூட்டையில் வைத்தும் கொடுத்தார்கள்.

செருப்பில்லாத ஊர்

வெள்ளகவி பழைய ஊர். 1845-ஆம் வருஷத்தில் அமெரிக்கப் பாதிரிமார் கொடைக்கானலில் முதல் பங்களாக்களைக் கட்டிக் குடியேறிய காலத்தில் மோட்டார் பாதை ஏது? பெரியகுளத்துப் பக்கமிருந்து அடிவாரத்தை அடைந்து, குதிரையிலோ டோலியிலோ கால்நடையாகவோ மலையேற வேண்டும். கும்பக்கரை அருவிக்கு அருகிலிருந்து வெள்ளகவி வழியாக ஏறும் ஒற்றையடிப் பாதை அந்தக் காலத்தைச் சேர்ந்தது. மோட்டார் பாதை வேறு திசையில் அமைந்த பிறகு பெரிய மனிதர்கள் இந்தப் பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். ஊரார் மட்டும் அரிசியையும் உப்பையும் குதிரை முதுகில் ஏற்றி நெடுங்காலம் இந்தப் பாதையிலேயே நடந்து வந்தார்கள்.

மேலேயிருந்து இறங்குவது ஏறுவதை விடக் கடினம் என்பதை நம் முழங்கால்கள் அன்று தெரிந்துகொண்டன. வேர்களைப் படியாகவும் பாறைகளைக் கைப்பிடியாகவும் கொண்டு ஊர் எல்லையை அடைந்தபோது, விறகுக் கட்டோடு எதிரே வந்த மூதாட்டி ஒருத்தி நம்மை நிறுத்தினாள்.

"செருப்பைக் கழட்டிக் கையில எடுத்துக்கங்கய்யா. உள்ளே சாமி இருக்கு" என்றாள்.

ஊருக்குள் எந்தக் கோயிலில் என்று நினைத்தோம். ஊர் முழுவதுமே கோயில் என்று பிறகு அறிந்தோம். வீடுகளுக்கு நடுவில் எத்தனையோ தெய்வங்கள் குடியிருக்கின்றன. ஆதலால் ஊர் எல்லைக்குள் யாரும் காலணி அணிவதில்லை. ஈரமான குளிர்ந்த மண்ணில் வெறுங்காலை வைத்ததும் நடை தானாகவே மெதுவாகிவிட்டது. நண்பர் முதல் முறையாகச் சுற்றிலும் பார்த்தார்.

பார்ப்பதற்கு என்ன இருந்தது? கீழே பெரியகுளத்துச் சமவெளி ஒரு க்ஷணம் தெரிந்தது. மறு க்ஷணம் பனி வந்து மூடிக்கொண்டது. எதிர்மலை வந்தது, போயிற்று. காப்பித் தோட்டத்து மரங்கள் ஒவ்வொன்றாய்க் கரைந்து, பிறகு வேறு வரிசையில் முளைத்தன. "இதை எழுத முடியுமா?" என்று நாம் கேட்டோம். "எழுதி முடிப்பதற்குள் இது இராது. எழுதிய பிறகு அதுவும் இராது" என்றார் நண்பர்.

அன்றிரவு மழை பிடித்துக்கொண்டது. நமக்கு இடங்கொடுத்த வீட்டுத் திண்ணையில் போர்வைக்குள் முடங்கிக்கொண்டு, அவருடைய புத்தரை அவரிடமிருந்தே மீட்டுவிடுவது என்று தீர்மானித்தோம்.

புத்தர் சொன்னது பாதியா, முழுதா?

நிலையாமை நமக்குப் புதிய சரக்கல்ல. திருவள்ளுவர் அதற்கு ஓர் அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார். சாத்தனாருடைய மணிமேகலை பௌத்த காவியம். அதில், தன் அழகில் மயங்கிப் பின்தொடரும் உதயகுமாரனுக்கு மணிமேகலை நரைத்த கிழவி ஒருத்தியைச் சுட்டிக்காட்டி, அவள் அங்கம் ஒவ்வொன்றும் முன்பு எப்படி இருந்தது, இப்போது எப்படி ஆயிற்று என்று விவரிக்கிறாள். சொல்லால் எழுதிய சித்திரம் அது. நிலையாமையைச் சொல்ல வந்த சாத்தனார் அந்தக் காவியத்தை அரைகுறையாக எழுதி வைக்கவில்லை என்பதை நண்பர் கவனிக்க வேண்டும் என்றோம்.

மேலும், புத்தர் பெருமானுடைய கடைசி உபதேசத்துக்கு இரண்டு பகுதிகள் உண்டு. கூடிய பொருள்கள் யாவும் குலையும் என்பது முதற் பகுதி. ஆகையால் அசட்டையின்றி விழிப்போடு முயலுங்கள் என்பது இரண்டாம் பகுதி. நண்பர் முதல் பாதியைக் கேட்டுவிட்டுச் சபையை விட்டு எழுந்து போனவர்!

"உபதேசம் சரி. சித்திரக்காரன் எவனாவது அப்படிச் செய்திருக்கிறானா?" என்று கேட்டார் அவர்.

எரிந்த பிரதிகள்

செய்திருக்கிறார்கள். முதலில் அஜந்தாவை எடுத்துக்கொள்ளுவோம். அங்கே பாறையைக் குடைந்த பௌத்த பிக்ஷுக்கள், மண்ணோடு நெல் உமியும் நாரும் கலந்து சுவரில் அப்பி, அதன்மேல் மெல்லிய வெள்ளை பூசிச் சித்திரம் எழுதுவித்தார்கள். உமியைப் பூச்சி தின்னும், ஈரம் மண்ணைத் தளர்த்தும் என்பதை அவர்கள் அறியாதவர்கள் அல்லர். ஆயினும் பதினாறாம் குகையில் உயிர் நீங்கும் இளவரசியின் தலை சாய்ந்திருக்கும் நிலையைப் பார்த்தவர்கள், எழுதிய கையில் அசட்டை இருந்ததென்று சொல்ல மாட்டார்கள்.

1819-ஆம் வருஷம் வேட்டைக்கு வந்த ஜான் ஸ்மித் என்னும் ஆங்கிலேய அதிகாரியின் கண்ணில் அந்தக் குகைகள் பட்டன. அப்புறம் அவற்றை 'நிலையாக்கும்' முயற்சி தொடங்கியது. சென்னைப் படையைச் சேர்ந்த ராபர்ட் கில் 1844 முதல் பல வருஷம் குகைகளில் உழைத்துப் பிரதிகள் எழுதினார். லண்டன் பளிங்கு மாளிகையில் வைத்திருந்த அந்தப் பிரதிகளில் பெரும்பாலானவை 1866-ஆம் வருஷத்துத் தீயில் எரிந்தன. பிறகு பம்பாய்க் கலைப் பள்ளியின் ஜான் கிரிபித்ஸ், இந்திய மாணவர்களோடு 1872 முதல் மறுபடியும் பிரதி செய்தார். அவற்றிலும் பல 1885-இல் லண்டனில் தீக்கிரையாயின. ஜப்பானியச் சித்திரக்காரர் அராய் கம்போ எழுதிக்கொண்டு போன பிரதிகளோ 1923-ஆம் வருஷம் டோக்கியோவை அழித்த பூகம்பத்தில் போயின. கண்டம் விட்டுக் கண்டம் கொண்டுபோய்ப் பத்திரப்படுத்தியவை சாம்பலாக, உமி கலந்த மண் சுவர் இன்னும் நிற்கிறது!

"அப்படியானால் பிரதி செய்தவர்கள் உழைப்பெல்லாம் வீண்தானே?" என்றார் நண்பர்.

அவசரப்படக் கூடாது. 1909 முதல் 1911 வரை ஹெர்ரிங்ஹாம் சீமாட்டியார் பிரதி எடுக்க வந்தபோது, சகோதரி நிவேதிதையின் தூண்டுதலால் நந்தலால் போஸ், அசித்குமார் ஹால்தார் முதலிய நம் இளைஞர்களும் அஜந்தாவுக்குப் போனார்கள். நம் தேசத்துச் சித்திரம் எதுவென்று அவர்கள் அங்கேதான் கண்டுகொண்டார்கள். பிரதி எரியலாம், பிரதி செய்த கண் எரிவதில்லை. அந்தக் கண் சாந்திநிகேதனத்துக்குப் போயிற்று. அங்கிருந்து இன்னும் எத்தனையோ பேருக்குப் போயிற்று.

நம் காலத்துக்கு அருகில் வருவோம். கணேஷ் ஹலோய் 1936-இல் கிழக்கு வங்காளத்தில், பிரம்மபுத்திரா நதிக்கரையில் ஜமால்பூரில் பிறந்தவர். தேசம் பிளவுண்ட பிறகு 1950-இல் ஊரையும் நதியையும் விட்டுக் கல்கத்தாவுக்கு வந்தார். அங்கே சர்க்கார் கலைக் கல்லூரியில் பயின்று, 1957 முதல் 1963 வரை தொல்பொருள் இலாகாவுக்காக அஜந்தாவில் பிரதிகள் எழுதினார். பிறந்த ஊரை இழந்த இளைஞர், அழிந்துகொண்டிருக்கும் சுவருக்கு முன்னால் ஆறு வருஷம் உட்கார்ந்திருந்ததை எண்ணிப் பாருங்கள். பிற்காலத்தில் அவர் எழுதிய சித்திரங்களில் போதிசத்துவர்கள் இல்லை. வயல் போல ஒரு பசுமை, தண்ணீர் போல ஒரு வெளி, சில கோடுகள், சில புள்ளிகள்: இவ்வளவுதான். புத்தர் கதையை அவர் எழுதவில்லை. ஆனால் போய்விட்ட நிலத்தை அழுகையின்றித் திரும்பிப் பார்க்கும் பார்வை அவற்றில் இருக்கிறது. அஜந்தாச் சுவரில் வர்ணம் உதிர்ந்த இடங்களும் சித்திரத்தின் பகுதியாகி நிற்பதைக் கண்டவருக்கு, வெற்றிடத்தை வெற்றிடமாகவே விட்டுவைக்கும் தைரியம் வந்ததில் வியப்பில்லை என்பது நம் எண்ணம். 2017-ஆம் வருஷம் ஏதென்ஸிலும் ஜெர்மனியின் காசெல் நகரத்திலும் நடந்த 'டாகுமெண்டா' என்ற பெரிய கலைக் காட்சியில் அவருடைய சித்திரங்கள் இடம் பெற்றன.

துடைத்து எழுதியவர்

இன்னொருவர் வாசுதேவ் கைதொண்டே. 1924-இல் நாகபுரியில் பிறந்து, பம்பாய் ஜே. ஜே. கலைப் பள்ளியில் பயின்றவர். ஜப்பானியரின் ஜென் பௌத்தத்தில் அவருக்கு ஆழ்ந்த ஈடுபாடு ஏற்பட்டது. ஜென் என்ற சொல் நம்முடைய 'தியானம்' என்ற சொல்லே. சீனத்தில் 'சான்' ஆகி ஜப்பானில் 'ஜென்' ஆயிற்று. அந்த நெறியைச் சீனத்துக்குக் கொண்டு சென்ற போதிதர்மர் காஞ்சிபுரத்திலிருந்து போனவர் என்பது நம் நாட்டில் வழங்கும் மரபு.

கைதொண்டே உருவம் எழுதுவதை நாளடைவில் விட்டுவிட்டார். துணியின்மேல் உருளையால் வர்ணத்தைப் பரப்புவார், தட்டைக் கத்தியால் சுரண்டுவார், காகிதத் துண்டை ஒற்றி எடுப்பார், மறுபடியும் பூசுவார். பூசியதில் எவ்வளவோ துடைக்கப்பட்டுவிடும். மிஞ்சுவது, அடியிலிருந்து எழும் ஒரு மங்கிய ஒளி. இன்று நாம் பனிக்குள் கண்டோமே, மலை இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாத அந்த நிலை, அதைப் போன்றது. டில்லியில் நிஜாமுதீன் பகுதியில் ஒரு மாடியறையில் தனியே வாழ்ந்து, வருஷத்துக்கு ஐந்தாறு சித்திரங்களுக்கு மேல் அவர் முடிப்பதில்லை. நாள் கணக்காக வெறுந்துணியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எல்லாம் நிலையற்றது என்பதை நம்பியவர் அவசரப்படவில்லை, அசட்டையாகவும் இருக்கவில்லை. 2001-இல் அவர் காலமானார். 2013-ஆம் வருஷம் பம்பாயில் அவருடைய சித்திரம் ஒன்று 23 கோடி ரூபாய்க்கு மேல் ஏலம் போயிற்று. அந்தச் செய்தி அவரை எட்டியிருந்தால் ஜன்னலை நோக்கித் திரும்பிக்கொண்டிருப்பார் என்று தோன்றுகிறது.

பிக்ஷுவின் பென்சில்

நண்பர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் தூங்கவும் இல்லை. ஆகவே மூன்றாமவரைப் பற்றியும் சொன்னோம்.

இலங்கையில் மஞ்சுஸ்ரீ என்று ஒரு பௌத்த பிக்ஷு இருந்தார். 1902-இல் பிறந்து, சிறு வயதிலேயே காவியுடை ஏற்றவர். 1930-களில் சாந்திநிகேதனத்துக்கு வந்த இடத்தில் சித்திரக் கலை அவரைப் பற்றிக்கொண்டது. இலங்கைக்குத் திரும்பியதும், ஊர் ஊராகச் சென்று விகாரைச் சுவர்களில் இருந்த பழைய சித்திரங்களை அப்படியே படி எடுக்கத் தொடங்கினார். மழை ஒழுகிய சுவர்கள், இடிந்த கூரைகள், பக்தியின் மிகுதியால் பழையதை மறைத்துப் புது வர்ணம் பூசக் காத்திருந்தவர்கள்: இவர்கள் எல்லோருக்கும் முந்திக்கொண்டு அவர் போக வேண்டியிருந்தது. பல பத்து வருஷங்கள் இந்த வேலை நடந்தது. இடையில் துறவுக் கோலத்தை விட்டார். இந்த வேலையை விடவில்லை. கொழும்பில் ஜார்ஜ் கீட் முதலிய நவீனச் சித்திரக்காரர்கள் 1943-இல் கூடி அமைத்த 'நாற்பத்து மூன்று குழு'விலும் அவர் சேர்ந்து, தம் சொந்தக் கற்பனையில் புதுமுறைச் சித்திரங்களும் எழுதினார். அவர் படி எடுத்த உருவங்கள் 1977-இல் புத்தகமாக வந்தன. 1979-இல் அவருக்கு மகசேசே பரிசு கிடைத்தது. 1982-இல் மறைந்தார்.

"எல்லாம் அநித்தியம் என்று தினந்தோறும் ஓதிய பிக்ஷு, அழியும் சுவரைக் காப்பாற்ற ஏன் ஓடினார்?" என்று நாம் கேட்டோம்.

இருட்டில் சிறிது நேரம் மழைச் சத்தம் மட்டும் கேட்டது. "அழியும் என்பதனால்தான் ஓடினார்" என்றார் நண்பர். "அழியாது என்று நினைத்திருந்தால் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்திருப்பார்."

நாம் நீட்டி முழக்கியதை அவர் இரண்டு வாக்கியத்தில் முடித்துவிட்டார். நம் பாடு, தூங்குவதைத் தவிர வேறொன்றும் இல்லாமற் போயிற்று.

வாசலில் கண்டது

காலையில் மழை தூறலாகியிருந்தது. எதிர் வீட்டு வாசலில், முந்தின நாள் நம்மைச் செருப்புக் கழற்றச் சொன்ன மூதாட்டி கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். கூரை இறவாணத்துக்கு உட்பட்ட பாதிக் கோலம் பளிச்சென்று இருந்தது. வெளியே நீண்ட பாதி, போடப் போடக் கரைந்துகொண்டிருந்தது. அவள் புள்ளி பிசகாமல் இழையை வளைத்துக்கொண்டே இருந்தாள்.

நண்பர் அருகில் போய், "ஏன் பாட்டி, மழையிலே கரைகிறதே?" என்று கேட்டார்.

"கரையத்தான் செய்யும். அதுக்காக வாசலை வெறிச்சுனு போடுறதா?" என்று நிமிராமலே சொல்லி, கடைசி இழையைச் சேர்த்துவிட்டு மாவுக் கிண்ணத்தோடு உள்ளே போனாள்.

திபெத்திய லாமாக்கள் வர்ண மணலைச் சிறு உலோகக் குழாய்களில் இட்டு, உரசி உரசிப் பொடிப் பொடியாய் உதிர்த்து மண்டலம் எழுதுவார்கள். பல நாள் பலர் குனிந்து செய்யும் வேலை அது. முடிந்ததும் பூஜை செய்து, ஓரத்திலிருந்து நடுவுக்கு மணலைக் கூட்டி வாரி, ஓடும் நீரில் விட்டுவிடுவார்கள். 1988-இல் நியூயார்க் நகரத்துக் காட்சிசாலையில் இதைச் செய்து காட்டியபோது மேல்நாட்டார் பார்த்துத் திகைத்தார்கள். இன்று அந்தத் தத்துவத்தைத் தழுவிப் பல தேசத்துச் சித்திரக்காரர்கள், கரையும் வர்ணத்தையும் உதிரும் பொடியையும் கையாளுகிறார்கள். நம் வீடுகளில் பாட்டிமார்களும் தாய்மார்களும் சொற்பொழிவு எதுவும் இல்லாமல் விடியற்காலையில் அதையே செய்கிறார்கள். எறும்பு தின்னட்டும், கால் மிதிக்கட்டும் என்று போடும் கோலத்திலும் ஒரு புள்ளி தவறினால் அழித்துத் திருத்துகிறார்கள் அல்லவா? அந்தத் திருத்தத்தில்தான் விஷயம் அடங்கியிருக்கிறது. அரை நாழிகை இருக்கப் போகிறது என்பதனால் அரைகுறையாகப் போட்டால் போதும் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை.

இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. நிலையாமை நம் தேசத்தில் சில சமயம் நல்ல சாக்காகவும் ஆகிவிடுகிறது. சுவர்ச் சித்திரத்தின்மேல் சுண்ணாம்பு அடிக்கிறவர்களும், ஒழுகும் மண்டபத்தைப் பார்த்துக் கைகட்டி நிற்கிறவர்களும், "எதுதான் நிலைத்தது?" என்று வேதாந்தம் பேசுவதைக் கேட்டிருக்கிறோம். தஞ்சைப் பெரிய கோயிலில் நாயக்கர் காலத்துச் சித்திரங்களுக்கு அடியில் சோழர் காலத்துச் சித்திரங்கள் மறைந்திருப்பதை, 1931-ஆம் வருஷம் அண்ணாமலை சர்வகலாசாலையைச் சேர்ந்த எஸ். கே. கோவிந்தசாமி கண்டு சொன்னார். இருட்டுச் சுற்றில் விளக்கோடு நுழைந்து கவனிக்க ஒருவர் இருந்ததனால் அவற்றை நாம் அறிந்தோம். மஞ்சுஸ்ரீயின் மரபும் அதுவே. போகிற பொருளைப் போகிறவரையில் பேணுவதற்குப் பௌத்தமோ வேதாந்தமோ தடை சொல்லவில்லை.

நண்பர் திண்ணைக்குத் திரும்பி வந்து, "உங்கள் மூட்டையில் என் வர்ணப் பெட்டி இருக்கிறதல்லவா? நேற்றே தெரியும்" என்றார். வாங்கிக்கொண்டு வெறுங்காலோடு பனிக்குள் போனார். அரை மணி நேரம் கழித்து நாம் போய்ப் பார்த்தபோது மடியில் காகிதத்தை வைத்து எழுதிக்கொண்டிருந்தார். குளிரில் நீர் வர்ணம் உலரவில்லை. மரத்திலிருந்து சொட்டிய துளிகள் எதிர்மலையின்மேல் விழுந்து இரண்டு இடத்தில் வர்ணத்தைக் கரைத்திருந்தன. ஒற்றி எடுக்கலாமே என்று நாம் கைக்குட்டையை நீட்டினோம். "வேண்டாம். இது பனி எழுதிய பகுதி" என்றார்.

நண்பர் இப்போது மறுபடியும் எழுதுகிறார். முன்னைவிட மெதுவாகவும் முன்னைவிடக் கவனமாகவும் எழுதுகிறார். நிலையாமையைப் பூரணமாக ஒப்புக்கொண்டுவிட்டதாகச் சொல்லுகிறார். ஆனால் சித்திரங்களைக் கீழ்த்தளத்தில் வைப்பதில்லை. அவற்றுக்காகவே இரண்டாவது மாடியில் ஓர் அறைக்கு மாதந்தோறும் வாடகை கொடுத்து வருகிறார்.